சன்னலோரத்து டின்கள்

அந்தக் கடையில் யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. அதனால்தான் எனக்கு அது பிடித்திருந்தது.

மைசூரில் மற்ற கடைகளில் பலகைக்கு இந்தப் பக்கம் நின்று, பக்கத்தில் நிற்பவர்களின் குரலுக்கு மேல் என் குரலை உயர்த்தி, வேண்டியதைச் சொல்ல வேண்டும். கூட்டுறவுச் சங்கம் நடத்திய இந்த சூப்பர் பஜாரில் அப்படியில்லை. வாசலில் ஒரு கம்பிக்கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போகலாம். எல்லாம் தட்டுகளில் இருக்கும். எடுத்துப் பார்க்கலாம், திரும்ப வைக்கலாம். வெளியே வரும்போது பில் போடுவார்கள். பில்லின் தலைப்பில் 'மைசூர் மாநிலம்' என்று அச்சடித்திருந்ததை அடித்துவிட்டு, ஊதா மையில் 'கர்நாடகம்' என்று முத்திரை குத்தியிருப்பார்கள். பெயர் மாறி மூன்று வருடமாகியும் பழைய பில் புத்தகங்கள் தீரவில்லை.

அந்தத் திங்கட்கிழமை நான் போனது ஒலிவ எண்ணெய் வாங்க.

அக்கா மோலிக்குக் குழந்தை ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டது. பெண். நான்கு பவுண்டுகூட இல்லை. மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்துவிட்டு அன்று காலைதான் வீட்டுக்கு அனுப்பினார்கள். அத்தான் இஸ்ரவேலுக்கு அரசிக்கெரெயில் ரயில்வே வேலை. சனிக்கிழமை சாயங்காலம்தான் வருவார். குழந்தையின் தோல் வெங்காயத்தின் உள்தோல்போல இருந்தது. கையில் நரம்புகள் நீலமாகத் தெரிந்தன. குளிப்பாட்டக் கூடாது, எண்ணெய் தடவிப் பஞ்சில் சுற்றிச் சூடு போகாமல் வைத்திருக்க வேண்டும் என்று வார்டு ஆயா மல்லம்மா எங்கள் அம்மாவிடம் சொல்லி அனுப்பியிருந்தாள்.

"என்ன எண்ணெ சொன்னாங்க?" என்று அக்கா கேட்டாள்.

"ஒலிவெண்ணெ," என்றாள் அம்மா.

அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. கோயிலில் வேதம் வாசிக்கும்போது மட்டும் காதில் விழும் பெயர் அது. ராஜாக்களின் தலையில் ஊற்றிய எண்ணெய். அது நம் வீட்டுக் குழந்தைக்கு வேண்டும் என்று ஓர் ஆயாவின் வாயிலிருந்து வந்ததை அம்மா வெறும் மருந்தாக எடுத்துக்கொள்ளவில்லை.

"அதெல்லாம் இந்த ஊர்ல எங்கம்மா கெடைக்கும்?"

"சூப்பர் பஜார்ல டின்ல வெச்சிருக்கானாம். பாஸ்டரம்மா பாத்திருக்காங்க. ஏய் ஜேனி, நீ போ. நீதான் கெமிஸ்ட்ரி படிச்சவ. நல்ல எண்ணெயா பாத்து வாங்கு. சந்தேகம்னா கேளு. வாயத் தொறந்து கேட்டா முத்து ஒண்ணும் உதுந்துடாது."

நான் பி.எஸ்ஸி. முடித்து ஒன்பது மாதமாகியிருந்தது. இரண்டு இன்டர்வியூவுக்குப் போனேன். இரண்டிலும் பதில் தெரிந்திருந்தும் சொல்லாமல் வந்தேன். அம்மாவுக்கு அது தெரியும்.

கடையில் எண்ணெய்ப் பகுதி கடைசியில், மேற்குப் பக்கத்துக் கண்ணாடிச் சன்னலை ஒட்டி இருந்தது. முதலில் ஒரு கண்ணாடி பாட்டில் கண்ணில் பட்டது. கிளிப்பச்சை நிறம். லேபிளில் ஒலிவக் கிளையின் படம். திருப்பிப் பார்த்தேன். கீழே பொடி எழுத்தில் 'தலைமுடிக்கு மட்டும், வாசனை சேர்த்தது' என்று இருந்தது. அந்தப் பச்சையும் எண்ணெயின் பச்சை அல்ல, சாயத்தின் பச்சை. அதைத் திரும்ப வைத்தேன்.

மேல்தட்டில் ஐந்து டின்கள் இருந்தன. மஞ்சள் நிறம், வெளிநாட்டு எழுத்து. எட்டி ஒன்றை எடுத்தேன். அது சூடாக இருந்தது.

கையை மாற்றி இன்னொன்றைத் தொட்டேன். அதுவும் சூடு. மணி நான்கு. வெயில் கண்ணாடி வழியாக நேராக அந்தத் தட்டின்மேல் விழுந்துகொண்டிருந்தது. தினமும் விழும். டின்களின் தலையில் தூசி இருந்தது. சன்னல் பக்கம் திரும்பியிருந்த மஞ்சள் வெளுத்திருந்தது. எத்தனை மாதமாக அங்கே இருக்கின்றன என்று தெரியவில்லை. தேதி குத்தியிருந்த இடம் துருவேறியிருந்தது.

எண்ணெய்க்கு ஆகாதவை மூன்று என்று எங்கள் லெக்சரர் சொல்வார்: காற்று, வெளிச்சம், சூடு. டின்னுக்குள் வெளிச்சம் போகாது. சூடு போகும். மூடி சரியில்லையென்றால் காற்றும் போகும். காறிப்போன எண்ணெயில் அமிலம் கூடியிருக்கும். இரண்டாம் வருடப் பிராக்டிகலில் அதை அளந்திருக்கிறேன். எனக்கு நல்ல மார்க்.

செய்ய வேண்டியது சின்ன விஷயம். அந்தப் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் பசவராஜ் நான்கடி தள்ளி ஸ்டூலில் உட்கார்ந்து டிரான்சிஸ்டரில் கிரிக்கெட் கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே குடோனில், வெயில் படாத இடத்தில், வேறு டின் இருக்கிறதா என்று அவரைக் கேட்க வேண்டும். கன்னடத்தில் ஐந்து வார்த்தை. தமிழைவிடக் கன்னடம்தான் எனக்கு நன்றாக வரும். மனசுக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

அவர் பக்கத்தில் இரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். "ஏன்ரீ பசவராஜ், எண்ணெ விக்கறீங்களா, விக்கெட் விக்கறீங்களா?" என்று ஒருத்தி கேட்க, மற்றவள் சிரித்தாள். பசவராஜும் சிரித்தபடி தலையைத் திருப்பினார். நான் டின்னோடு அவரையே பார்த்துக்கொண்டு நிற்பது தெரிந்தது.

"ஏனு பேகம்மா?" என்றார். என்ன வேண்டும் என்று நன்றாகத்தான் கேட்டார்.

"ஏனில்லா," என்றேன். ஒன்றுமில்லை.

பின்னால் இருந்த, வெயில் கொஞ்சம் குறைவாகப் பட்டிருக்கக்கூடிய டின்னைப் பார்த்து எடுத்துக்கொண்டேன். தட்டில் நான்கு மிச்சமிருந்தன.

வீட்டில் அம்மா டின்னை இரண்டு கையிலும் வாங்கிக்கொண்டாள். ஆணியும் சுத்தியும் எடுத்து மூடியில் நான்தான் ஓட்டை போட்டேன். கிண்ணத்தில் சாய்த்ததும் வாடை வந்தது. சின்னப் பிள்ளைகளின் மெழுகுக் கலர் பென்சிலை வெயிலில் வைத்தால் வருமே, அந்த வாடை. அதன் அடியில் சிக்குப் பிடித்த தலையணையின் நாற்றம்.

"ஃபாரின் எண்ணெ, அப்படித்தான் இருக்கும்," என்றாள் அம்மா.

அக்கா கட்டிலில் இருந்தபடியே கிண்ணத்தை வாங்கி முகர்ந்தாள். மூக்கைச் சுளித்தாள். அம்மாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"ஜேனி, இது சரியா இருக்கா?"

அவள் மடியில் பஞ்சுக்குள் குழந்தை இருந்தது. கண் திறந்திருந்தது. நான் இல்லை என்று சொன்னால் டின்னை எடுத்துக்கொண்டு திரும்ப அந்தக் கடைக்குப் போக வேண்டும். பசவராஜ் முன்னால் போய் நின்று, இது கெட்டுப்போயிருக்கிறது என்று சொல்ல வேண்டும். அவர் ஏன் என்று கேட்பார். சுற்றி நிற்பவர்கள் பார்ப்பார்கள்.

"ம்," என்றேன்.

அக்கா கிண்ணத்தை அம்மாவிடம் கொடுத்தாள்.

*

செவ்வாயும் புதனும் ஒன்றும் ஆகவில்லை. காலையும் மாலையும் அம்மா எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி, ஜெபம் முணுமுணுத்துக்கொண்டே தடவினாள். எண்ணெய் தடவும் நேரம் பார்த்து நான் தண்ணீர் பிடிக்கப் போனேன்.

புதன்கிழமை சாயங்காலம் யாரும் இல்லாதபோது டின்னைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குப் போனேன். கை தவறிக் கொட்டிவிட்டது என்று சொல்லிவிடலாம். சாய்த்தும்விட்டேன். ஒரு சொட்டு விழுவதற்குள் நிமிர்த்தினேன். கொட்டினால் இன்னொரு டின் வாங்க என்னைத்தான் அனுப்புவார்கள். அதே தட்டு, அதே வெயில். டின்னைத் துடைத்து இருந்த இடத்தில் வைத்தேன்.

வியாழக்கிழமை காலை கழுத்து மடிப்பிலும் அக்குளிலும் சிவந்திருந்தது. மத்தியானம் அந்தச் சிவப்பில் நீர்கோத்த பொடிப் பொடிக் கொப்புளங்கள். குழந்தை அழுதது, அழக்கூடத் தெம்பில்லாத அழுகை. பாலை வாயில் வைத்தால் தலையைத் திருப்பியது.

"வேர்க்குரு. எண்ணெ இன்னும் கொஞ்சம் போட்டா அடங்கிடும்," என்றாள் அம்மா.

"வேணாம்மா. எண்ணெய நிறுத்திப் பாக்கலாமே," என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"நீ டாக்டரா? ஆயா இருபது வருஷமா கொழந்தைங்களப் பாக்கறவ. அவ சொன்னது."

அம்மா எண்ணெயைத் தடவினாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வெள்ளிக்கிழமை விடியும்போது குழந்தையின் உடம்பு அனலாக இருந்தது. கொப்புளங்கள் உடைந்து தோல் உரிந்திருந்தது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். டாக்டரம்மா பஞ்சை விலக்கிப் பார்த்துவிட்டு, "என்ன தடவினீங்க?" என்றார்.

"ஒலிவெண்ணெ, டாக்டர். இதோ, இவங்கதான் சொன்னாங்க," என்று அம்மா மல்லம்மாவைக் காட்டினாள்.

மல்லம்மா கையிலிருந்த பேசினைக் கீழே வைத்தாள். "நானா? ஒலிவெண்ணெயா? ஐயோ, நானு ஹேளித்து ஒள்ளெண்ணெ கணம்மா! ஒள்ளெண்ணெ! எள்ளுல ஆட்டறதில்லவா, அது!"

சட்டென்று யாருக்கும் புரியவில்லை. தான் சொன்னது ஒள்ளெண்ணெ என்கிறாள் என்று எனக்குத்தான் முதலில் புரிந்தது. எள்ளெண்ணெயை இந்த ஊரில் ஒள்ளெண்ணெ என்றும் சொல்வார்கள். ஒள்ளெ என்றால் நல்ல. நாம் நல்லெண்ணெய் என்பதைத்தான் அவர்கள் ஒள்ளெண்ணெ என்கிறார்கள். பொருளும் ஒன்று, பெயரின் அர்த்தமும் ஒன்று. அம்மா கோலார் தங்கவயலில் பிறந்தவள். மைசூருக்கு வந்து இருபத்தெட்டு வருடம் ஆகியும் மண்டி மொகல்லாவில் தமிழ்ச் செட்டியார் கடையில் தமிழில் கேட்டுத்தான் நல்லெண்ணெய் வாங்குகிறாள். ஒள்ளெண்ணெ என்ற சொல் அவள் காதில் அதற்கு முன் விழுந்ததே இல்லை. ஒலிவெண்ணெய் ஞாயிறுதோறும் விழுந்திருக்கிறது.

பக்கத்துக் கட்டில் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வீட்லயே இருக்கற எண்ணெய விட்டுட்டு ஊரெல்லாம் தேடினாங்களா, பாவம்," என்றாள். மல்லம்மாவும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "இந்தத் தோலுக்கு அது ஒத்துக்கல. சீழ் பிடிச்சிருக்கு. வெயிட்டும் குறைஞ்சிருக்கு. இங்கேயே இருக்கட்டும்," என்றார். எண்ணெய் எப்படி இருந்தது, வாடை வந்ததா என்று யாரும் கேட்கவில்லை.

எனக்கு மூச்சு லேசாக வந்தது. அதை எழுதாமல் விட முடியாது. ஒரு நிமிஷம், முழுதாக ஒரு நிமிஷம், எனக்கு நிம்மதியாக இருந்தது. தப்பு காதில் நடந்திருக்கிறது. கடையில் அல்ல.

பிறகு அம்மாவைப் பார்த்தேன். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு காதையும் கையால் பொத்திக்கொண்டிருந்தாள்.

*

அன்று முழுவதும் அம்மா சாப்பிடவில்லை. சனிக்கிழமை காலையும் நான் கொண்டுபோன இட்லி பெஞ்சிலேயே இருந்தது. காய்ச்சல் கொஞ்சம் இறங்கியிருப்பதாக நர்ஸ் சொன்னாள். பால் மட்டும் இன்னும் குடிக்கவில்லை; மூக்கில் குழாய் வைத்திருந்தார்கள்.

"சாயங்கால வண்டில இஸ்ரவேல் வர்றான்," என்றாள் அம்மா. "அவன் மூஞ்சில எப்படி முழிப்பேன்? ஒரு வார்த்தைய ஒழுங்கா கேக்கத் தெரியாத முண்டம் நான். என் காதுல ஈயத்தக் காய்ச்சி ஊத்தணும்."

"அப்படிச் சொல்லாதம்மா."

"வேற எப்படிச் சொல்றது? கொழந்தை தோல உரிச்சது நான்தானே?"

அக்கா வார்டிலிருந்து வெளியே வந்து எங்கள் பக்கத்தில் நின்றாள். இரண்டு நாளில் அவள் கண் உள்ளே போயிருந்தது. அவள் நின்றதும் எனக்கு அந்தக் கிண்ணம் ஞாபகம் வந்தது.

"எண்ணெ கெட்டுப்போயிருந்தது," என்றேன்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"காதுல தப்பா விழுந்தது வேற. நான் வாங்கினது நல்ல எண்ணெ இல்ல. கடையில டின் சுட்டுது. வெயில்ல மாசக்கணக்கா இருந்திருக்கு. தொறந்ததும் வாடையும் வந்தது. எனக்குத் தெரியும்."

அம்மா எழுந்து என் தலையைத் தன் தோளோடு சேர்த்து அழுத்தினாள். "எனக்காகச் சொல்றா பாரு, மோலி. என் மேல வந்த பழியத் தன் மேல போட்டுக்கறா. வாயே தொறக்காத பொண்ணு."

"இல்லம்மா, நெஜமாதான்..."

"போதும் கண்ணு. போதும்."

அவள் தோளுக்கு மேலாக நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா நம்பிவிட்டாள்.

"அன்னிக்கு உன்கிட்ட கேட்டேன்," என்றாள்.

"கேட்ட."

"நீ ம்னு சொன்ன."

"சொன்னேன்."

"ஏன்?"

திரும்பக் கடைக்குப் போய்ப் பேச வேண்டியிருக்கும் என்பதால். அதை வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. இவ்வளவு பெரிய விஷயத்துக்கு இவ்வளவு சின்னக் காரணமா என்று அவள் கேட்டால் என்னிடம் வேறு காரணம் இல்லை.

அக்கா வார்டுக் கதவில் கை வைத்தாள். பிறகு, "அந்த டின் இன்னும் வீட்ல இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு."

"கடையில இன்னும் இருக்கா?"

தட்டில் நான்கு டின்கள் மிச்சமிருந்தது நினைவுக்கு வந்தது. அவள் வார்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

*

வீட்டுக்குப் போய் டின்னை எடுத்து, ஓட்டையில் பஞ்சை அடைத்து, பையில் வைத்துக்கொண்டு சூப்பர் பஜாருக்கு நடந்தேன். சனிக்கிழமைகளில் அங்கே கன்ட்ரோல் விலையில் சர்க்கரை போடுவார்கள். வாசலிலிருந்து உள்ளே பாதிக் கடை வரைக்கும் பெண்களின் வரிசை நின்றிருந்தது. அவர்களை ஒதுக்கிக்கொண்டு கடைசிக்குப் போனேன்.

மேல்தட்டைப் பார்த்தேன். எண்ணினேன். மறுபடியும் எண்ணினேன்.

நான்கு இருக்க வேண்டும். மூன்று இருந்தன.

பசவராஜ் ஸ்டூலில் இருந்தார். நேராக அவரிடம் போய் டின்னை அவர் முன்னால் வைத்தேன். "ஈ எண்ணெ கெட்டிதெ," என்றேன். இது கெட்டுப்போயிருக்கிறது. எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. சொல்லிவிட்டேன்.

அவர் டின்னைத் தூக்கி ஆட்டிப் பார்த்தார். "பாதி டின்னைக் காலி பண்ணிட்டு வந்து கெட்டுப்போச்சுன்னா எப்படிம்மா?" என்றார் கன்னடத்தில். "மீதியும் முடிச்சிட்டு வந்திருக்கலாமே?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். நான் டின்னின் ஓட்டையைக் காட்டினேன்.

"முகந்து பாருங்க."

பஞ்சை எடுத்து முகர்ந்தார். "ஃபாரின் எண்ணென்னா இப்படித்தான் இருக்கும்."

"இல்ல. எனக்குத் தெரியும், நான் படிச்சிருக்கேன். இதத் தடவித்தான் எங்க அக்கா கொழந்தை ஆஸ்பத்திரியில இருக்கு. தோல் உரிஞ்சுபோச்சு. இந்தத் தட்டுல தினமும் வெயில் அடிக்குது, நீங்களே தொட்டுப் பாருங்க."

அவர் சிரிப்பு நின்றது. எழுந்து மேல்தட்டில் கை வைத்தார். மணி பதினொன்று, வெயில் இன்னும் அந்தப் பக்கம் வரவில்லை. டின்கள் குளிர்ந்திருந்தன. இருந்தாலும் அவர் வெளுத்துப்போன மஞ்சளைப் பார்த்தார். ஒன்றைத் திருப்பிப் பின்பக்கத்து மஞ்சளையும் பார்த்தார்.

"மானேஜர் திங்கட்கிழமைதான் வருவார்," என்றார் மெதுவாக. பிறகு, யாரிடமும் கேட்காமல், மூன்று டின்களையும் இறக்கி ஸ்டூலுக்கு அடியில் தள்ளினார்.

"இன்னொண்ணு?" என்றேன். "நாலு இருந்தது. ஒண்ணு எங்க?"

"வித்துப்போச்சு."

"யாருக்கு?"

"யாரோ ஒரு அம்மா. வியாழக்கிழமையா... ஆமா, வியாழக்கிழமை. முகம் ஞாபகம் இல்ல." நெற்றியைத் தேய்த்தார். "இடுப்புல குழந்தை இருந்தது. சின்னது. சர்க்கரை இன்னிக்கா சனிக்கிழமையான்னு கேட்டாங்க."

நான் திரும்பி வரிசையைப் பார்த்தேன். ஐம்பது பேர் இருப்பார்கள். பத்துப் பேர் இடுப்பிலாவது குழந்தை இருந்தது. ஸ்வெட்டருக்குள், துண்டுக்குள், சேலைத் தலைப்புக்குள். யாருடைய கழுத்து மடிப்பும் அங்கிருந்து தெரியவில்லை.

காலியான மேல்தட்டையும் அந்த வரிசையையும் மாறி மாறிப் பார்த்தேன். பிறகு என் டின்னைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, இந்த எண்ணெயை வியாழக்கிழமை வாங்கியவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா, இதைக் குழந்தைக்குத் தடவ வேண்டாம் என்று கன்னடத்தில் கேட்டேன். திரும்பத் தமிழிலும் கேட்டேன். பக்கத்தில் இருந்த சிலர் திரும்பினார்கள். மற்றவர்கள் சர்க்கரைத் தராசையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பசவராஜ் டிரான்சிஸ்டரை அணைத்தார்.

"இன்னொந்து சல கேளம்மா," என்றார். "அந்த மூலைக்குக் கேக்கல."

இன்னொரு முறை கேட்டேன்.